நுவரெலியாவில் எரிந்து கண்டியில் அணையும் விளக்கு

ஜனவரி மாதத்தில் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போய் ஓரிரவு தங்கி வரும் குடும்பங்கள் பல. மறுநாள் விடியற்காலையில் காரின் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருக்கும். ஒருவர் பழைய துணியால் துடைப்பார். சாரதி சாவியைத் திருப்புவார். டாஷ்போர்டில் வழக்கமாக எரிந்து மறையும் விளக்குகள் எல்லாம் மறைந்த பிறகும் ஒன்று மட்டும் போகாமல் நிற்கும். மஞ்சள் நிறம். லாடம் போல வளைந்த ஒரு கோடு, அதன் அடியில் சிறு பற்கள், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் தோற்றம் அது.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் குடும்பத்துக்கும் இது நேர்ந்தது. நான் இறங்கி நான்கு சில்லுகளையும் சுற்றிப் பார்த்தேன். எதுவும் சப்பையாகத் தெரியவில்லை. "குளிருக்குத்தான் மச்சான். புசல்லாவை போறதுக்குள்ள அணைஞ்சிடும், பாருங்க" என்றார் மைத்துனர். லபுக்கலையின் தேயிலை மலைகளைக் கடந்து, றம்பொடையை நெருங்கும்போது விளக்கு அணைந்தது. எல்லோருக்கும் நிம்மதி. கண்டிக்கு வந்து சேரும்வரை அது மீண்டும் எரியவில்லை.

மைத்துனர் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. மலையும் குளிரும் டயரும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் அந்தப் பாதி விளங்கும்.

முதலில் விளக்கைப் பற்றி. இதை டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு என்று சொல்லலாம். 1986இல் வெளிவந்த போர்ஷ 959 காரில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இது விலையுயர்ந்த கார்களின் வசதியாகவே இருந்துவந்தது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேற்பட்டை பிரிந்து, ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ரக வாகனங்கள் பல புரண்டிருந்தன. அந்த விபத்துகளில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறைந்த காற்றழுத்தமும் வெப்பமும் டயரை எவ்வளவு பலவீனமாக்கும் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 2007 செப்டெம்பர் முதல் அங்கே விற்கப்படும் எல்லாப் புதிய சிறு வாகனங்களிலும் இந்த விளக்கு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் புதிய கார்கள் அனைத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

ஜப்பான் அப்படிக் கட்டாயமாக்கவில்லை. இலங்கை வீதிகளில் ஓடும் கார்களில் மிகப் பலவும் ஜப்பானில் ஓடிய பின் இங்கே வந்தவை. அதனால்தான் கண்டியில் ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக் கார்களில் ஒன்றில் இந்த விளக்கு இருக்கும், மற்றதில் இருக்காது. உங்கள் காரில் இருக்கிறதா என்று அறிய, சாவியைத் திருப்பியதும் முதல் சில விநாடிகள் டாஷ்போர்டைப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து தம்மைக் காட்டிக்கொள்ளும் நேரம் அது.

இனி காற்று. காற்று என்பது ஓயாமல் ஓடி மோதிக்கொண்டிருக்கும் எண்ணற்ற நுண்துகள்களின் கூட்டம். டயரின் உட்சுவரில் அவை மோதும் மோதல்தான் அழுத்தம். சூடேறினால் துகள்கள் வேகமாக ஓடும், மோதல் வலுக்கும், அழுத்தம் கூடும். குளிர்ந்தால் எல்லாம் தணியும். அடைத்து வைத்த காற்றை அறையின் வெப்பத்திலிருந்து கொதிநீரின் வெப்பத்துக்குக் கொண்டுபோனால் அழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பதை 1702ஆம் ஆண்டளவிலேயே கியோம் அமொன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் அளந்து காட்டினார். காற்றடைத்த டயர் வழக்கத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் முன்னர் கண்டறிந்த உண்மை அது. இன்றும் அதே கணக்கில்தான் நம் டயர்கள் நடக்கின்றன.

அழுத்தத்தை நம் பெற்றோல் நிலையங்களில் பி.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு சதுர அங்குலப் பரப்பின் மீது எத்தனை இறாத்தல் எடை அழுத்துகிறது என்பதே அதன் பொருள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30க்கும் 36க்கும் இடைப்பட்ட ஓர் அளவு சிபாரிசு செய்யப்படும். இந்தக் கட்டுரையில் 32 என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவில் உள்ள டயர் 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும்.

ஜனவரியில் கண்டியின் பகல் வெப்பம் 28 பாகை அளவில் இருக்கும். வாவியின் மேல் மூடுபனி நிற்கும் விடியற்காலையில் 18 அளவுக்கு இறங்கும். ஆக, கண்டி நகரிலேயே, யாரும் தொடாமல் வீட்டு முற்றத்தில் நிற்கும் காரின் டயரில் மதியத்துக்கும் விடியலுக்கும் இடையில் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறி இறங்குகிறது. நுவரெலியாவின் ஜனவரி விடியல் 10 பாகை அளவில் இருக்கும். சில இரவுகளில் இன்னும் தாழ்ந்து, தேயிலைக் கொழுந்தின் மேல் பனி உறைந்து கருக்கிவிடுவதும் உண்டு. 28இலிருந்து 10க்கு இறங்கினால் 18 பாகை வித்தியாசம். டயரில் 3 பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவாக இழப்பு. 32 இருந்தது 29 ஆகும்.

இங்கேதான் நான் முதலில் நின்றேன். அமெரிக்க விதிப்படி சிபாரிசு அளவிலிருந்து நான்கில் ஒரு பங்கு குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 32க்கு அந்த எல்லை 24. வேறு நாடுகளின் கார்களில் எல்லை சற்று மேலே இருக்கலாம். ஐரோப்பிய விதி ஐந்தில் ஒரு பங்கை எல்லையாக வைக்கிறது. எப்படிப் பார்த்தாலும் 29 என்பது எச்சரிக்கைக்கு இன்னும் தூரம். குளிர் மட்டுமே காரணம் என்றால் எங்கள் கார் அன்று அமைதியாக இருந்திருக்க வேண்டும்.

இதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. அது உயரம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போக நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் எடை குறைகிறது. இதைக் காண கருவி எதுவும் வேண்டாம். கண்டியில் வாங்கிய மரவள்ளிச் சிப்ஸ் பக்கற் ஒன்றைப் பிரிக்காமல் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அது பந்து போல உப்பியிருக்கும். அங்கே குடித்து முடித்து மூடியை இறுக்கிய தண்ணீர்ப் போத்தல் கண்டிக்கு வரும்போது பக்கங்கள் உள்வாங்கி நசுங்கியிருக்கும். பக்கற்றுக்குள் காற்று கூடவில்லை. வெளியிலிருந்து அமுக்கிய காற்றுதான் மெலிந்தது.

டயரும் அந்தப் பக்கற் போலத்தான். சாதாரண கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல; உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. கண்டியில் அது 13.8 அளவில் இருக்கும். நுவரெலியாவில் 11.8 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது கண்டியிலிருந்து மேலே ஏறும்போது வெளியிலிருந்து 2 பி.எஸ்.ஐ. குறைகிறது.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். கண்டியில் 28 பாகையில், கேஜில் 32 காட்டும் டயரின் மொத்த அழுத்தம் 45.8. நுவரெலியாவின் 10 பாகையில் அது 43.1 ஆகக் குறையும். அதிலிருந்து வெளிக்காற்றின் 11.8ஐக் கழித்தால் 31.3. மொத்தத்தில் முக்கால் பி.எஸ்.ஐ. கூடக் குறையவில்லை. குளிர் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதியை உயரம் திருப்பிக் கொடுத்துவிட்டது. சமதரையில் இருந்துகொண்டே பனிக்காலத்தைச் சந்திக்கும் கனடாக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. ரொறன்ரோவில் ஒக்டோபரில் காற்றடித்த கார் டிசம்பரில் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும்போது குளிரின் முழு இழப்பையும் அதன் டயர் தாங்க வேண்டும். அங்கே 'குளிருக்குத்தான்' என்று சொன்னால் அது பெரும்பாலும் உண்மை. நம் மலைநாட்டில் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் விளக்கு ஏன் எரிந்தது? அதற்கு, விளக்கின் பின்னால் இருக்கும் கருவியைப் பார்க்க வேண்டும்.

கருவி இரு வகை. முதலாவது நேரடி முறை. ஒவ்வொரு சில்லின் ரிம்மிலும், வால்வின் அடிப்பகுதியோடு சேர்த்து, கட்டைவிரல் அளவில் ஒரு சிறு பெட்டி இருக்கும். இதை உணரி என்பார்கள். கடைகளில் சென்சர் என்றே கேட்க வேண்டும். அதற்குள் மயிரிழை போன்ற சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. காற்று அமுக்கும்போது தகடு வளைகிறது, வளைவுக்கு ஏற்ப அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சிறு வானொலி அலையாக உணரி அனுப்புகிறது. கார் ஓடத் தொடங்கி சில்லு சுழன்றதும் அது அடிக்கடி பேசும். நின்றிருக்கும்போது மின்கலத்தைச் சேமிக்க அநேகமாக உறங்கும்.

இந்த உணரிகளில் பல மொத்த அழுத்தத்தையே அளக்கின்றன. வெளிக்காற்று எவ்வளவு என்பது அவற்றுக்குத் தெரியாது. காரின் கணினிதான் வெளிக்காற்றைக் கழித்து விடையைக் காட்ட வேண்டும். சில கார்களில் வெளிக்காற்றை அளக்கத் தனி உணரி உண்டு. வேறு சில கார்களின் கணினி, எங்கே போனாலும் கடல் மட்டத்தில் நிற்பதாகவே வைத்துக்கொண்டு 14.7ஐக் கழிக்கும். அத்தகைய காரில் உயரம் தந்த சலுகை கணக்கில் சேராது. மேலே சொன்ன அதே டயரை, கேஜ் 31.3 என்று காட்டும் நுவரெலியா விடியலில், அந்தக் கணினி 28.4 என்று படிக்கும். கேஜும் சரியாகத்தான் அளந்தது. உணரியும் சரியாகத்தான் அளந்தது. இடையில் கழித்த எண்தான் மலைக்குப் பொருந்தவில்லை. கார் காட்டும் எண்ணுக்கும் கையிலுள்ள கேஜ் காட்டும் எண்ணுக்கும் நுவரெலியாவில் வேறுபாடு வந்தால், பலர் கேஜைச் சந்தேகிப்பார்கள். அங்கே நல்ல கேஜ் சொல்வதை நம்பலாம்.

இரண்டாவது மறைமுக முறை. இதில் டயருக்குள் எந்த உணரியும் கிடையாது. ஏ.பி.எஸ். என்பது பிரேக் மிதிக்கும்போது சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. அதற்காக ஒவ்வொரு சில்லும் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று கார் ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கிறது. காற்றுக் குறைந்த டயர் சற்றுத் தாழ்ந்து, சுற்றளவு சுருங்கியது போல நடந்துகொள்ளும். அதே தூரத்தைக் கடக்க அது மற்றவற்றை விட அதிகமாகச் சுழல வேண்டும். கணினி அந்த வேறுபாட்டைப் பிடிக்கிறது. ஆனால் குளிர் நான்கு டயர்களையும் ஒன்றாகவே குறைக்கும். நான்கும் சேர்ந்து குறைந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இந்த முறையின் எளிய வடிவம் உள்ள கார், நுவரெலியாக் குளிரில் நான்கு டயரும் தளர்ந்திருந்தாலும் ஒன்றும் சொல்லாது. அத்தகைய காரில் விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு டயர் மற்ற மூன்றிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று பொருள். ஆணி ஏறியிருக்கலாம். அதைக் குளிரின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

இந்த வகைக் காரில் காற்றடித்த பின் ஒரு பொத்தானை அழுத்தியோ, திரையில் ஒரு தெரிவைத் தொட்டோ, 'இதுதான் சரியான நிலை' என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். காற்றடிக்காமலே, விளக்கை அணைப்பதற்காக மட்டும் அந்தப் பொத்தானை அழுத்துவோர் உண்டு. அப்போது கணினி தளர்ந்த டயரையே சரியென்று படித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் மௌனத்தை நம்புவதற்கில்லை.

எங்கள் கார் நேரடி முறைக் கார். கண்டிக்குத் திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு, இரவு முழுதும் நின்றிருந்த காரின் டயர்களை அளந்தேன். வால்வு மூடியைக் கழற்றி, கேஜின் வாயை நேராக வைத்து அழுத்த வேண்டும். சரிந்தால் 'உஸ்' என்று காற்றுப் போகும், எண் பிழைக்கும். நான்கு டயர்களும் 25க்கும் 26க்கும் இடையில் நின்றன. 32 இருக்க வேண்டிய இடத்தில்.

எப்படி வந்தது இது? நினைவைத் தோண்டியபோது விளங்கிற்று. கடைசியாகக் காற்றடித்தது நவம்பர் நடுவில். கொழும்பிலிருந்து திரும்பி வரும் வழியில், வெயிலில் கடுகண்ணாவை ஏற்றம் ஏறி வந்த கையோடு ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். டயரில் கை வைத்தால் சுட்டது. "32 அடிங்க தம்பி" என்றேன். தம்பி சரியாக 32 அடித்தார்.

பிழை நான் சொன்ன எண்ணில் இருக்கவில்லை, சொன்ன நேரத்தில் இருந்தது. ஓடும் டயர் தரையில் படும் ஒவ்வொரு முறையும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் சூடு பிறக்கிறது. அரை மணி நேர ஓட்டத்தில் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் ஏறிவிடும். சூடான டயரில் 32 என்றால், ஆறிய பிறகு அது 28. சிபாரிசு அளவுகள் எல்லாம் ஆறிய டயருக்கு உரியவை. குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. வாகனக் கையேடுகளில் 'குளிர்ந்த டயர்' என்று வருவதன் பொருள் இதுதான். வானிலைக் குளிருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்தது கசிவு. ஆணியும் ஓட்டையும் இல்லாத நல்ல டயரிலிருந்தும் மாதத்துக்கு ஒன்று முதல் இரண்டு பி.எஸ்.ஐ. போகும். றப்பர் கல் அல்ல. காற்றின் துகள்கள் அதனூடே மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. 1876இல் பிரேசிலின் விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் கடல் கடந்து வந்து, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஹெனரத்கொடவில் ஊன்றப்பட்டன. ஆசியாவின் றப்பர்த் தோட்டங்களின் தொடக்கத்தில் அந்த மரங்களுக்கு இடமுண்டு. ஆனால் மரத்திலிருந்து வரும் இயற்கை றப்பர் காற்றைப் பிடித்து வைப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. அதனால் இன்றைய டியூப் இல்லாத டயர்களின் உட்புறத்தில் பியூட்டைல் என்ற செயற்கை றப்பரை ஒரு படலமாகப் பூசுகிறார்கள். கசிவு பல மடங்கு குறைகிறது. முற்றாக நிற்பதில்லை.

ஆக, நவம்பரில் ஆறிய நிலையில் 28. இரண்டு மாதக் கசிவுக்குப் பின் 25 சொச்சம். இந்த டயரோடுதான் நாங்கள் நுவரெலியா ஏறினோம். அங்கே விடியலில் கேஜ் வைத்திருந்தால் 26 அளவில்தான் காட்டியிருக்கும். உயரத்தைக் கழிக்கத் தெரியாத காரின் கணக்கில் அது 23 ஆகியிருக்கும். எல்லை 24. விளக்கு எரிந்தது. சில கிலோமீற்றர் ஓடியதும் டயர் சூடேறி, அழுத்தம் எல்லைக்கு மேலே வந்தது. கீழே இறங்க இறங்க வானிலையும் சூடேறியது. விளக்கு அணைந்தது. மைத்துனர் சொன்னது நடந்தது. ஆனால் அணைந்த விளக்குக்குக் கீழே டயர்கள் 6, 7 பி.எஸ்.ஐ. குறைவோடு உருண்டுகொண்டே இருந்தன. குளிர் கடைசியாக ஓர் அடி தள்ளியது, அவ்வளவுதான். பள்ளத்தின் விளிம்புக்கு டயரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது, நவம்பரில் நான் பார்த்த எண்ணும் அதன் பின் பார்க்காத இரண்டு மாதங்களும்.

அன்று காலையே காற்றை நிரப்பினேன். பெப்ரவரியில் மீண்டும் நுவரெலியா போய்த் தங்கினோம். குளிர் ஜனவரியை விடக் கடுமை. சாவியைத் திருப்பியபோது மஞ்சள் விளக்கு மற்றவற்றோடு சேர்ந்து எரிந்து, மற்றவற்றோடு சேர்ந்து மறைந்தது.

குறைந்த காற்றால் என்ன கெடும் என்று கேட்கலாம். சமதரையில் மெதுவாக ஓடும் கார் பெரிதாகக் குறை சொல்லாது. பெற்றோல் கொஞ்சம் கூடச் செலவாகும், டயரின் இரு ஓரங்களும் சீக்கிரம் தேயும். மலைநாட்டு வீதிகளில் கதை வேறு. கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் வீதியில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளைவிலும் காரின் எடை வெளிப்பக்கத்து டயர்களின் மேல் சாய்கிறது. தளர்ந்த டயரின் பக்கம் மடங்குகிறது, ஸ்டியரிங் திருப்பியதற்குக் கார் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. நிறைய நசுங்கும் டயர் நிறையச் சூடேறுகிறது. இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக்கின் சூடும் ரிம் வழியாக அதனோடு சேர்கிறது. மழை நாளில் நடுப்பகுதி உள்வாங்கிய டயர் தண்ணீரைப் பிளந்து தரையைப் பிடிப்பதில் பின்தங்கும். பயந்து 40 அடித்துவிட்டாலும் பிழைதான். விறைத்த டயர் தரையில் குறைவான பரப்பிலேயே படும், ஈரத்தில் வழுக்கும்.

சரியான எண் எங்கே இருக்கிறது? சாரதியின் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் எழுத்து ஜப்பானிய மொழியில் இருந்தாலும் எண்ணைப் படிக்கலாம். 220, 230, 240 என்றிருக்கும். அது கிலோபஸ்கல் என்ற அளவு. 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 230 என்றால் 33, 240 என்றால் 35. சில தாள்களில் முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு எண்கள் இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்வது நம் ஊரில் சாதாரணமாகக் காணும் தவறு.

காற்றுக்குப் பதில் நைதரசன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்று சில டயர்க் கடைகளில் சொல்வார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். அது சற்று மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. குளிரில் குறைவதும் சூட்டில் ஏறுவதும் அதற்கும் ஒரே விதிதான்.

நுவரெலியாவில் விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. சுற்றி வந்து பார்த்து, ஏதாவதொரு டயர் தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தாழ்ந்திருந்தால் மேலதிகச் சில்லை மாற்றுங்கள். இல்லையென்றால், அருகிலுள்ள பெற்றோல் நிலையத்துக்கு மெதுவாகப் போய், டயர் சூடேறும் முன் தாளிலுள்ள அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே நிரப்பியதைக் கண்டிக்கு வந்து குறைக்க வேண்டியதில்லை. நுவரெலியாவின் 10 பாகையில் 33 நிரப்பினால் கண்டியின் பகலில், ஆறிய டயரில் அது 34க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். குளிரும் உயரமும் ஏறும்போது ஒன்றையொன்று ஈடுசெய்தது போலவே இறங்கும்போதும் ஈடுசெய்கின்றன. சூடான டயரில் எண் கூடத் தெரிகிறதே என்று காற்றை இறக்கிவிடுவதுதான் செய்யக் கூடாத காரியம்.

விளக்கு ஒரு நிமிடமளவு கண்சிமிட்டிவிட்டு அப்படியே எரிந்து நின்றால், அது டயரைப் பற்றிய செய்தி அல்ல. உணரியோடு கணினி பேச முடியவில்லை என்ற செய்தி. உணரிக்குள் இருக்கும் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். அது பெட்டியோடு மூடி முத்திரையிடப்பட்டது, பெரும்பாலும் தனியே மாற்ற முடியாது. குளிரில் மின்கலம் சோர்வடையும் என்பதால், சாகும் தறுவாயிலுள்ள உணரி முதலில் மலைக்காலையில்தான் மயங்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி விற்ற கார்களில் பெரும்பாலானவை அதற்கு முன் வந்தவை. அவற்றிலுள்ள உணரிகள் தம் ஆயுளின் முடிவை நெருங்கும் காலம் இது.

இந்த விளக்கு நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அது பேசத் தொடங்கும்போது காற்றில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ ஏற்கெனவே போய்விட்டிருக்கும். அதற்கு முன் நடப்பதைச் சொல்ல ஒரு சிறிய கேஜும், மாதத்தில் ஒரு காலையில் பத்து நிமிடமும் தேவை. எங்கள் வீட்டில் அதற்குப் போயா தினத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று விடுமுறை, கார் முதல்நாள் இரவிலிருந்து நின்றிருக்கும். மகள் நான்கு எண்களையும் நாட்காட்டியின் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுகிறாள். சென்ற மாதம் பின்பக்க இடது டயர் மட்டும் மற்றவற்றை விட 2 குறைந்திருந்தது. டயர்க் கடைப் பாஸ் சில்லைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சுழற்றினார். வால்வின் அடியிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.